எட்டு மில்லியனில் கடைசி ஒருவர்

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பாரிஸ் நகரில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இராணுவத்தில் சேரப் பெயர் கொடுத்தான். சேரும் வயது அவனுக்கு இன்னும் வரவில்லை. அதனால் வயதைக் கூட்டிச் சொன்னான். நீங்கள் படிவம் நான்கில் படிப்பவர் என்றால், அவனுக்கும் உங்களுக்கும் ஒரே வயது.

வயதைக் கூட்டிச் சொன்ன அந்தப் பையன் பிறகு 94 ஆண்டுகள் வாழ்ந்தான். 2008ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி அவர் இறந்தபோது வயது 110. முதலாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டவர்களில், அரசாங்கப் பதிவில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர்தான். பெயர் லசார் பொன்டிசெல்லி.

ஒரு மனிதர் 110 ஆண்டுகள் வாழ்வது எப்படி? அவர் உண்மையிலேயே 110 வயதானவர்தான் என்று எப்படித் தெரியும்? எட்டு மில்லியன் வீரர்களில் கடைசியாக எஞ்சுபவர் யார் என்பதை முடிவு செய்வது உடல்வலிமையா, மரபணுவா, அதிர்ஷ்டமா? வரலாற்றுப் பாடத்துக்குரிய இந்த வாழ்க்கையில் அறிவியலும் கணிதமும் நிறைய இருக்கின்றன.

புகைக்கூண்டுச் சிறுவன்

பொன்டிசெல்லி பிறப்பால் இத்தாலியர். வட இத்தாலியில் பியாசென்சா வட்டாரத்தில் உள்ள பெட்டோலா என்ற ஊரை ஒட்டிய மலைக் கிராமத்தில், 1897ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்தார். ஏழு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பம். அப்பா சந்தைகளில் மாடு விற்றார். தச்சு வேலையும் செருப்புத் தைக்கும் வேலையும் பார்த்தார். அம்மா சொந்தமாக இருந்த சிறு நிலத்தில் பாடுபட்டார். போ ஆற்றுச் சமவெளிக்குச் சென்று நெல் வயல்களிலும் கூலி வேலை செய்தார்.

பிழைப்புத் தேடி அம்மா பிரான்சுக்குப் போனார். அப்பாவும் மூத்த அண்ணனும் இறந்தார்கள். மற்றவர்கள் பாரிசுக்குக் கிளம்பியபோது லசாரை அண்டை வீட்டாரிடம் விட்டுச் சென்றார்கள். ஆனால் பையன் சும்மா இருக்கவில்லை. மரக் காலணி செய்தும் பறவை பிடித்து விற்றும் ரயில் கட்டணத்துக்குப் பணம் சேர்த்தான். ஒன்பது வயதில் தனியாக ரயிலேறி பாரிசில் போய் இறங்கினான். அவனுக்குத் தெரிந்த மொழி இத்தாலியம் மட்டுமே.

பாரிசுக்கு அருகே புகைக்கூண்டு துடைக்கும் வேலை கிடைத்தது. குளிர்நாட்டு வீடுகளில் அடுப்புப் புகை வெளியேறும் கூண்டுக்குள் கரி அடைத்துக்கொள்ளும். சிறுவர்களை வைத்துத்தான் அதைத் துடைப்பார்கள். பிறகு பத்திரிகை விற்றான்.

இங்கே சற்று நில்லுங்கள். புகைக்கூண்டுக் கரிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1775ஆம் ஆண்டிலேயே பெர்சிவல் பாட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் எழுதிவைத்தார். ஒரு தொழில் செய்வதால் புற்றுநோய் வரக்கூடும் என்று மருத்துவ உலகம் முதலில் அறிந்தது இந்தச் சிறுவர்கள் வழியாகத்தான். கரியில் உள்ள சில கரிமச் சேர்மங்கள் நம் உயிரணுக்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன. 110 வயது வாழப்போகும் ஒருவரின் வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

இரண்டு இராணுவங்களில் ஒரு வீரர்

போர் மூண்டதும், தனக்குச் சோறு போட்ட நாட்டுக்குத் தான் பட்ட கடனைத் தீர்க்க வேண்டும் என்று நினைத்தார். வெளிநாட்டினர் சேரக்கூடிய பிரெஞ்சு அந்நியர் படையில் இத்தாலியர்களுக்கென ஒரு பிரிவு அமைந்தது. அதில் சேர்ந்தார். அண்ணன் செலஸ்டும் அதே படையில் இருந்தார். வடகிழக்கு பிரான்சில் உள்ள ஆர்கோன் காட்டுப் பகுதியில் பதுங்குகுழி தோண்டினார், இறந்தவர்களைப் புதைத்தார், போரிட்டார்.

ஒருநாள் இரண்டு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் இடையே, யாரும் நெருங்கத் துணியாத வெளியில், கால் சிதைந்த பிரெஞ்சு வீரர் ஒருவர் கிடந்து அலறிக்கொண்டிருந்தார். பொன்டிசெல்லி ஊர்ந்து சென்று அவரை இழுத்து வந்தார். தன் நான்கு பிள்ளைகளின் சார்பில் அந்த வீரர் நன்றி சொன்னார். காயமடைந்த ஜெர்மானிய வீரர் ஒருவரையும் பொன்டிசெல்லி காப்பாற்றினார். மொழி தெரியாத அந்த ஜெர்மானியர், தனக்கு இரண்டு பிள்ளைகள் என்பதைக் காட்ட இரண்டு விரல்களை உயர்த்தினாராம். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பொன்டிசெல்லி அதை மறக்கவில்லை.

1915ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியும் போரில் குதித்தது. இத்தாலியக் குடிமகன் இத்தாலிய இராணுவத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அவர் பிரான்சிலேயே இருக்கப் போராடினார். ஆனால் இரண்டு காவலர்கள் அவரைத் தூரின் நகருக்கு அழைத்துச் சென்று ஒப்படைத்தார்கள். ஆல்ப்ஸ் மலைப்படையில் சேர்க்கப்பட்டு, பால் பிக்கோலோ மலையில் ஆஸ்திரிய இராணுவத்தை எதிர்த்து நின்றார். குண்டுச் சிதறல் பட்டு இரத்தம் கண்ணில் வழிந்தபோதும் இயந்திரத் துப்பாக்கியை விடவில்லை.

அதே மலைப்பகுதியில் இன்னொன்றும் நடந்தது. ஏறக்குறைய மூன்று வாரங்கள் இரண்டு தரப்பும் சுடுவதை நிறுத்தின. எதிரியின் மொழி தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ரொட்டியைக் கொடுத்துப் புகையிலை வாங்கிக்கொண்டார்கள். ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மறுபடியும் சுடத் தொடங்கினார்கள்.

காற்றைவிடக் கனமான எமன்

1918ஆம் ஆண்டு ஆஸ்திரியப் படை நடத்திய நச்சுவாயுத் தாக்குதலில் பொன்டிசெல்லியின் தோழர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவரும் அந்த வாயுவுக்கு ஆளானார், ஆனால் பிழைத்தார்.

அந்தப் போரில் பல வகை நச்சுவாயுக்கள் பயன்பட்டன. 1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை பெருமளவில் திறந்துவிட்ட குளோரினை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். குளோரின் மூலக்கூற்றின் நிறை 71. காற்றின் சராசரி மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 29. அதாவது குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. கனமான வாயு என்ன செய்யும்? பள்ளத்தில் இறங்கும். துப்பாக்கிக் குண்டுக்குப் பயந்து வீரர்கள் ஒளிந்திருந்த பதுங்குகுழியே வாயு நிரம்பும் தொட்டியாக மாறியது.

நுரையீரலின் உட்புறம் எப்போதும் ஈரமாக இருக்கும். குளோரின் அந்த ஈரத்தில் கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் உண்டாக்கும். ஆக்சிஜனை இரத்தத்துக்குள் அனுப்பும் மெல்லிய காற்று நுண்ணறைகளை அந்த அமிலங்கள் அரிக்கும். அங்கே நீர் சுரந்து தேங்கும். மனிதர் தரையில் நின்றபடியே நீரில் மூழ்கியவர்போல மூச்சுத்திணறுவார். வேதியியல் வகுப்பில் நாம் எழுதும் ஒரு சிறு சமன்பாடு போர்க்களத்தில் இப்படித்தான் நடந்தேறியது.

"அப்படியானால், கரியும் நச்சுவாயுவும்தான் அவரை உறுதியாக்கினவா?"

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, சண்டைக்குப் போய்த் திரும்பிய அமெரிக்க விமானங்களில் குண்டு துளைத்த இடங்களை ஆராய்ந்தார்கள். துளை அதிகம் உள்ள இடத்துக்குக் கவசம் போட வேண்டும் என்றுதான் நமக்கும் தோன்றும். ஏபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் அறிஞர் வேறு விதமாகச் சிந்தித்தார். நாம் பார்ப்பவை திரும்பி வந்த விமானங்கள் மட்டுமே. துளை பட்டும் திரும்ப முடிகிறது என்றால் அந்த இடம் அவ்வளவு ஆபத்தானதல்ல. திரும்பிய விமானங்களில் எந்த இடத்தில் துளையே இல்லையோ, அங்கே அடிபட்டவைதான் திரும்பாமல் போயிருக்கும். கவசம் அங்கேதான் வேண்டும்.

எஞ்சியதை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இந்தத் தவறை 'பிழைத்தோர் சார்பு' என்கிறோம். பொன்டிசெல்லி திரும்பி வந்த விமானம். அவரோடு கரி துடைத்த சிறுவர்களும், அவர் பக்கத்தில் நின்று அதே வாயுவைச் சுவாசித்தவர்களும் திரும்பாத விமானங்கள். அவர்களிடம் யாரும் பேட்டி எடுக்க முடியாது. நூறு வயதுத் தாத்தா ஒருவர் "நான் தினமும் சுருட்டுப் பிடித்தேன்" என்று சொன்னதாகச் செய்தி வந்தால், சுருட்டுப் பிடித்து அறுபதில் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மரபணுவுக்கு எவ்வளவு பங்கு?

நம் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. ஒவ்வொரு நாளும் சேதமடைகிறது. சூரிய ஒளி, புகை, உடலுக்குள்ளேயே நடக்கும் வேதிவினைகள் எல்லாம் அதற்குக் காரணம். பழுதைச் சரிசெய்யும் நொதிகளும் நம்மிடம் உண்டு. வயதாக ஆகச் சரிசெய்யப்படாத பழுதுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. முதுமைக்கு இது ஒரு முக்கியக் காரணம். பழுதுபார்க்கும் திறன் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பெற்றோரிடமிருந்து வருகிறது.

எவ்வளவு பகுதி? 1870க்கும் 1900க்கும் இடையே டென்மார்க்கில் பிறந்த 2,872 இரட்டையர் இணைகளின் ஆயுளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பொன்டிசெல்லியின் தலைமுறையும் இதுவே. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. வெவ்வேறு கருவிலிருந்து வந்த இரட்டையர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. இரண்டு வகையினரின் ஆயுளையும் ஒப்பிட்டதில், ஆயுள் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்குக்கே மரபணு காரணம் என்று தெரிந்தது. மீதம் உணவு, சுகாதாரம், தொழில், நோய், விபத்து, போர், அதிர்ஷ்டம். பிந்திய ஆய்வுகள் வேறு அளவுகளையும் சொல்கின்றன. நூறைத் தாண்டுபவர்கள் விஷயத்தில் மரபணுவின் பங்கு கூடுதல் என்பதே பலரின் கருத்து.

ஆனால் எவ்வளவு நல்ல மரபணுவும் இருபது வயதில் பாயும் குண்டைத் தடுக்காது. அந்தப் போரில் பிரான்ஸ் மட்டும் ஏறத்தாழ 1.4 மில்லியன் வீரர்களை இழந்தது. 110 வயது வரை வாழக்கூடிய உடல்வாகு அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

இருபத்து மூன்று முறை பாதியானால்

1825ஆம் ஆண்டு பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் இறப்பு அட்டவணைகளில் ஒரு ஒழுங்கைக் கண்டார். வளர்ந்த மனிதர்களுக்கு ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, குறிப்பிட்ட கால இடைவெளியில் இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. இன்றைய கணக்கில் அந்த இடைவெளி சுமார் 8 ஆண்டுகள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 வயதில் ஆயிரத்தில் ஒருவர் அந்த ஆண்டில் இறப்பதாக வைத்துக்கொள்வோம். 38 வயதில் 2 பேர், 46இல் 4, 54இல் 8, 62இல் 16, 70இல் 32, 78இல் 64, 86இல் 128, 94இல் 256, 102இல் 512. அடுத்து 110 வயதில் ஆயிரத்துக்கு 1,024! அதாவது 110ஐத் தொட்ட எவரும் அடுத்த பிறந்தநாளைப் பார்க்க மாட்டார் என்கிறது கணக்கு.

உண்மையில் அப்படி நடப்பதில்லை. 110ஐத் தாண்டியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தால், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அடுத்த பிறந்தநாளைக் காண்கிறார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போன்ற நிலை. பலவீனமானவர்கள் முன்பே இறந்துவிட்டதால் எஞ்சியவர்கள் உறுதியானவர்களாக இருக்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். பதிவுகளில் உள்ள வயதுப் பிழைதான் இப்படிக் காட்டுகிறது என்று வாதிடுவோரும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். வகுப்பில் 64 இருபது காசு நாணயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் குலுக்கி மேசையில் கொட்டுங்கள். பூ விழுந்தவற்றை எடுத்துவிட்டு மீதியை மறுபடியும் குலுக்குங்கள். ஐந்து, ஆறு, ஏழு முறையில் ஒரே ஒரு நாணயம் மிஞ்சும், அல்லது எல்லாமே போய்விடும். கடைசி நாணயத்தில் அப்படி என்ன சிறப்பு இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் இருக்காது.

பிரான்ஸ் போருக்குத் திரட்டிய வீரர்கள் சுமார் 8.4 மில்லியன் பேர். கால்குலேட்டரில் 2இன் 23ஆம் அடுக்கைப் போடுங்கள்: 8,388,608. அதாவது அந்தப் பெரும் படை இருபத்து மூன்று முறை பாதியானால் ஒருவர் மிஞ்சுவார். முதல் பாதி மறையப் பல பத்தாண்டுகள் ஆயின. வயது ஏற ஏற வேகம் கூடியது. 2008ஆம் ஆண்டு பிறந்தபோது அரசாங்கப் பதிவில் மிஞ்சியவர்கள் இருவர்: லூயி டி கசனாவ், லசார் பொன்டிசெல்லி. இருவருக்கும் வயது 110. ஜனவரி 20ஆம் தேதி கசனாவ் மறைந்தார். அதன்பின் 52 நாட்களில் பொன்டிசெல்லியும் மறைந்தார்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். அந்தப் போரில் போரிட்டவர்களில் உலகிலேயே கடைசியாக எஞ்சிய கிளாட் சூல்ஸ் 2011இல் இறந்தார். போர்க்காலச் சேவையில் இருந்தவர்களில் கடைசியானவர் பிரிட்டிஷ் விமானப்படையின் மகளிர் பிரிவில் உணவு பரிமாறிய ஃபுளோரன்ஸ் கிரீன். அவர் இறந்தது 2012இல். இருவருக்கும் வயது 110. பிரிட்டனின் ஹென்றி அலிங்ஹம் மட்டும் நாணயத்தை இன்னும் சில முறை வென்று 113 வரை வாழ்ந்தார்.

வயதை நம்புவது எப்படி?

பதினாறு வயதில் வயதைக் கூட்டிச் சொன்ன ஒருவரின் 110 வயதை நாம் ஏன் நம்ப வேண்டும்? அவர் வாய்ச்சொல்லை யாரும் நம்பவில்லை என்பதே பதில்.

முதுமையை ஆராய்பவர்கள் ஒருவர் சொல்லும் வயதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பிறந்த காலத்திலேயே எழுதப்பட்ட பதிவைத் தேடுவார்கள். திருமணப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இராணுவ ஆவணம் ஆகியவற்றோடு ஒப்பிடுவார்கள். ஒரே பெயரில் அண்ணன் இறந்து தம்பி இருக்கிறாரா என்றும் பார்ப்பார்கள். பொன்டிசெல்லியின் பிறந்தநாள்கூட டிசம்பர் 7 என்றும் டிசம்பர் 24 என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. எதை எடுத்தாலும் அவர் வயது 110தான். பதினேழு நாள் வித்தியாசம் முடிவை மாற்றவில்லை. ஆனால் பத்து வருட வித்தியாசம் மாற்றிவிடும். அதனால்தான் இந்தச் சோதனை.

இப்படிச் சரிபார்க்கப்பட்டவர்களில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் பிரான்சின் ஜான் கால்மோன் என்ற பெண்மணி: 122 ஆண்டுகள், 164 நாட்கள். ஆண்களில் ஜப்பானின் ஜிரோயெமோன் கிமுரா: 116 ஆண்டுகள், 54 நாட்கள். கிமுராவும் பொன்டிசெல்லியைப் போல 1897இல் பிறந்தவர்தான்.

"எனக்காக அல்ல"

போர் முடிந்து பிரான்சுக்குத் திரும்பிய பொன்டிசெல்லி, சகோதரர்கள் இருவருடன் சேர்ந்து புகைக்கூண்டு, குழாய் வேலைகள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். கூண்டு துடைத்த சிறுவன் கூண்டு கட்டும் முதலாளியானார். 1939இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இரகசிய இயக்கத்துக்கு உதவினார். 1960இல் ஓய்வுபெற்றார். அந்த நிறுவனம் பின்னர் பெரிதாக வளர்ந்தது.

2005ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது: முதலாம் உலகப் போரின் கடைசி வீரருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தப்படும். பொன்டிசெல்லி மறுத்தார். முன்னால் இறந்தவர்களுக்குக் கிடைக்காத மரியாதை தனக்கு மட்டும் எதற்கு என்பது அவர் எண்ணம். கசனாவ் மறைந்து, தான் ஒருவரே மிஞ்சிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். அப்போதும் ஒரு நிபந்தனை வைத்தார்: சடங்கு எளிமையாக இருக்க வேண்டும், போரில் மடிந்த எல்லா ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியதாக இருக்க வேண்டும்.

2008 மார்ச் 17ஆம் தேதி பாரிசின் புனித லூயி தேவாலயத்தில் அது நடந்தது. அதிபர் சார்க்கோசி வந்திருந்தார். நாடு முழுவதும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. உடல் அவர் விரும்பியபடி குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

தான் மற்றவர்களைவிடச் சிறந்தவர் என்பதால் கடைசியாக நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் 64 நாணயங்களும் சொன்னது அதைத்தான். பிழைத்தவர் ஒருவரின் கதையைக் கேட்கும்போது, பிழைக்காதவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அறிவியலில் அது சரியான கணக்கு. மனித வாழ்க்கையில் அது நியாயம்.

நம் பக்கமும் நாணயங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 1943ஆம் ஆண்டு சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்த பதினைந்து வயதுப் பையன் இன்று இருந்தால் நூறை நெருங்கியிருப்பார். ஜப்பானியர் காலத்தை நேரில் கண்ட தாத்தாவோ பாட்டியோ உங்கள் குடும்பத்தில், உங்கள் தாமானில் இருந்தால், இந்த வாரமே போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பிறந்த வருடத்தைக் கேளுங்கள். பிறப்புப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, அவர்களோடு இருந்து திரும்பி வராதவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.